சாட்சியைத் திட்டாதீர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதமும் அதோடு வைத்திருந்த நான்கு படங்களும் வந்து சேர்ந்தன. மூன்று வாரம் தாமதமாகப் பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியின் டிசைன் பிரிவில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது, ரப்பர் சிமுலேஷன் இப்போதுதான் முதல்முறையாகக் கைக்கு வந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மூடிக்கும் உடலுக்கும் நடுவே ஓ-ரிங்கை அழுத்தும் ரன் 87 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. மூன்று எலிமெண்ட்கள் அளவுக்கு மீறி நெளிந்துவிட்டன என்று சால்வர் கைவிரிக்கிறது. மெஷ்ஷை நான்கு முறை மாற்றிப் போட்டும் 85-க்கும் 90-க்கும் நடுவிலேயே உயிரை விடுகிறது. கடைசி வரியில், ‘அந்த மூன்று எலிமெண்ட்டை மட்டும் அடக்க ஒரு வழி சொல்லுங்கள் சார்’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

‘அடக்க’ என்ற அந்த ஒரு சொல்லால்தான் இந்தக் கடிதம் நீண்டுவிட்டது. இந்தத் தொழிலில் இருபது வருடம் ஓட்டியவன் நான். அடக்கும் வித்தைகள் தெரியும், உங்களுக்கும் சொல்கிறேன். அடக்கியதால் நான் பட்ட பாடு ஒன்றும் இருக்கிறது. அதையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் இப்போதே குறித்து வையுங்கள். நான்கு வெவ்வேறு மெஷ், ஆனால் ரன் சாகும் இடம் ஏறக்குறைய ஒன்றே. மெஷ்தான் குற்றவாளி என்றால், மெஷ் மாறும்போது அந்த இடமும் தாறுமாறாக மாறியிருக்க வேண்டும். கடைசியில் இதற்கு வருகிறேன்.

புரோட்டாக் கடை வாசலில் நின்றிருப்பீர்கள். மாஸ்டர் மைதா உருண்டையைத் தட்டி, எண்ணெய் தடவி, இரண்டு கையாலும் வீசித் துணி மாதிரி ஆக்குவார். தட்டிய மாவின்மேல் பேனாவால் கட்டம் போட்டுவிட்டு வீசச் சொன்னால் என்ன ஆகும்? மாவுக்கு ஒன்றும் ஆகாது, அது பாட்டுக்குப் புரோட்டா ஆகும். கட்டங்கள்தான் இழுபட்டு, சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று மடிந்து அடையாளம் இழக்கும். நீங்கள் போட்ட மெஷ் அந்தப் பேனாக் கட்டம்தான். பொருளோடு ஒட்டிக்கொண்டு, அது போகிற இடமெல்லாம் போகும். லக்ராஞ்சியன் முறை என்று பாடத்தில் படித்தது இதைத்தான்.

மெஷ் போட்டுக் கணக்கிடும் இந்த முறை வளர்ந்த வீடு வேறு. 1956-இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் என்ற நால்வர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை விமானக் கட்டமைப்புகளின் விறைப்பைக் கணக்கிட வந்தது. ‘ஃபைனைட் எலிமெண்ட்’ என்று கிளஃப் பெயர் வைத்தது 1960-இல். விமான இறக்கை எவ்வளவு வளைந்தாலும் அதிலுள்ள ஒரு சிறு கட்டம் தன் உருவத்திலிருந்து மயிரிழைதான் மாறும். ரப்பர், சூட்டில் அடிபடும் இரும்பு, மோதலில் நசுங்கும் ஃபோம் எல்லாம் அந்த வீட்டுக்குப் பின்னால் வந்த முரட்டு விருந்தாளிகள்.

சால்வர் ஏன் கைவிரிக்கிறது? மெஷ்ஷின் ஒரு கட்டமான எலிமெண்டின் கணக்கு அதன் சொந்த உருவத்தில் நடப்பதில்லை. ஒவ்வொன்றையும் ஒரு நேர்த்தியான சதுரமாக வைத்துக்கொண்டு, அந்தச் சதுரத்தில் கணக்கைப் போட்டு, பிறகு உண்மையான கோணல் வடிவத்துக்கு மாற்றுகிறது. சதுரத்தின் ஒரு துளிப் பரப்பு உண்மையில் எவ்வளவு பரப்பாகிறது என்ற விகிதம்தான் ஜெகோபியன். நான்கு மூலை எலிமெண்ட் ஒன்றில் ஒரு மூலையை உள்நோக்கித் தள்ளிக்கொண்டே போங்கள். அந்த மூலையின் உள்கோணம் 180 டிகிரியைத் தொட்டதும் அங்கே ஜெகோபியன் பூஜ்யம். அதையும் தாண்டினால் மைனஸ். மைனஸ் பரப்பு என்றால் உள்ளும் புறமும் இடம் மாறிவிட்டது என்று பொருள், சட்டையைத் திருப்பிப் போட்டமாதிரி. அதற்குமேல் கணக்குக்கு அர்த்தம் இல்லை. எங்கள் ஆபீஸில் ‘நெகட்டிவ் வால்யூம்’ என்று யாராவது முனகினால் பக்கத்து மேஜைக்காரர் டீ வாங்கிக் கொடுப்பார். துக்கம் விசாரிப்பது மாதிரி.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சால்வர் ஜெகோபியனை மூலைகளில் பார்ப்பதில்லை, எலிமெண்டுக்கு உள்ளே சில புள்ளிகளில்தான் பார்க்கிறது. நான்கு புள்ளியில் பார்க்கும் எலிமெண்ட் சீக்கிரம் கத்திவிடும். நடுவில் ஒரே புள்ளியில் பார்க்கும் எலிமெண்ட், மூலை குழிந்து போனாலும் மொத்தப் பரப்பு மிச்சம் இருக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். முன்னது கண்டிப்பான வாத்தியார். பின்னது பொறுமைசாலி, ஆனால் பார்வை குறைவு. அது பார்க்காத நெளிவுகள் மணற்கடிகார வடிவில் மெஷ் முழுதும் பரவும். அவர்கிளாஸ் என்று இதற்குப் பெயர். 1981-இல் ஃபிளானகனும் பெலிட்ஷ்கோவும் அதற்குக் கடிவாளம் போட்டுக் கொடுத்தார்கள். கடிவாளத்துக்குச் செலவாகும் ஆற்றல், மொத்த உள்ளாற்றலில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்பது எங்கள் தொழிலில் புழங்கும் கணக்கு. அதைத் தாண்டினால் குதிரை ஓடவில்லை, கடிவாளம்தான் ஓடுகிறது.

சரி, ரன் நின்றுவிட்டது. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது? மெஷ்ஷைக் கடைசியில் தொடுங்கள்.

முதலில் யூனிட். மில்லிமீட்டர், நியூட்டன் என்று எடுத்தால் நிறை டன்னில் வரவேண்டும். எஃகின் அடர்த்தி 7850 ஆக இருக்காது, 7.85-ஐ நூறு கோடியால் வகுத்த எண்ணாக இருக்கும். மோதல் கணக்குகளில் இந்த ஒரு எண் தவறி ராத்திரியெல்லாம் மெஷ்ஷோடு மல்லுக்கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுடையது மெதுவாக அழுத்தும் கணக்கு, அடர்த்தி அங்கே பேசாது, மாடுலஸ் பேசும். ஷோர் ஏ 70 கடினத்தன்மையுள்ள ரப்பரின் யங் மாடுலஸ் சுமார் 5, 6 மெகாபாஸ்கல்தான். கொடுத்த எண் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பொருளின் வளைகோடு. ரப்பருக்கு மூனி 1940-இலும் ரிவ்லின் 1948-இலும் வழி போட்டார்கள். ஆக்டனின் சூத்திரம் 1972-இல் வந்தது. எதை எடுத்தாலும் மாறிலிகளை நாம்தான் சோதனைத் தரவுக்குப் பொருத்துகிறோம். வழக்கமாகக் கையில் இருப்பது இழுத்துப் பார்த்த தரவு மட்டும், அதுவும் ஓர் அளவுவரைக்கும்தான். ஓ-ரிங்கோ அழுத்தத்திலும் சறுக்குநெளிவிலும் வாழ்கிறது. தரவு முடிந்த இடத்துக்கு அப்பால் சூத்திரம் தன் இஷ்டத்துக்குப் போகும். அதிக உறுப்புகள் கொண்ட சூத்திரம் தரவின்மேல் அழகாகப் படிந்துவிட்டு, தரவு தீர்ந்ததும் தலைகீழாகத் திரும்பும். அங்கே ரப்பர் அழுத்த அழுத்த இளகுகிறது என்று ஆகிவிடும். இளகும் இடத்தில் இன்னும் அழுந்தும், அழுந்தினால் இன்னும் இளகும். ஓர் எலிமெண்ட் மட்டும் குழிந்து சாகும். பார்ப்பவர் மெஷ்மேல் பழி போடுவார். இதைப் பிடிக்கச் சுலபமான வழி ஒரே ஒரு கனசதுர எலிமெண்ட். அதை இழுங்கள், அழுத்துங்கள், சாயுங்கள். உங்கள் ரிங் படப்போகும் பாட்டுக்கு மேலேயே கொண்டுபோய் வரைகோடு ஒழுங்காக ஏறுகிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. பத்து நாள் மிச்சமாகும்.

மூன்றாவது, ரப்பரின் பிடிவாதம். உருவம் மாறச் சொன்னால் உடனே மாறும்; கன அளவைக் குறைக்கச் சொன்னால் அசையாது. சறுக்கு மாடுலஸ் ஒன்றிரண்டு மெகாபாஸ்கல், கன மாடுலஸ் இரண்டாயிரம் மெகாபாஸ்கல் அளவில். சாதாரண எலிமெண்டுக்கு இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்கத் தெரியாது, பூட்டிக்கொண்டு மரக்கட்டையாகும். அதனால்தான் அழுத்தத்தைத் தனி மாறியாக வைத்திருக்கும் ஹைப்ரிட் எலிமெண்ட்கள் வந்தன. நீங்கள் அதைத்தான் எடுத்திருக்கிறீர்கள், நல்லது.

நான்காவது, தொடும் இடம். உங்கள் படத்தில் ரிங் உட்காரும் பள்ளமான குரூவின் மேல்விளிம்பு கத்தி மாதிரி இருக்கிறது. கடைசல் பட்டறையில் அப்படி ஒரு விளிம்பை யாரும் விடமாட்டார்கள். சிறு ஆரமாவது கொடுத்து மழுக்குவார்கள். நீங்களும் கொடுங்கள். அந்த வளைவில் ஒன்றிரண்டு கோடு போதாது; வளைவு வளைவாகவே தெரியும் அளவுக்குக் கட்டங்கள் வேண்டும். எதிரே வரும் ரப்பரின் மெஷ் அதைவிட நுணுக்கமாக இருக்கட்டும். உராய்வையும் ஒருமுறை பூஜ்யமாக்கிப் பாருங்கள். ரப்பர் சுவரில் ஒட்டிக்கொண்டு, உள்பக்கம் மட்டும் நகர்ந்தால் ஓரத்துக் கட்டங்கள் சாய்ந்து சாய்ந்து சாகும். உராய்வில்லாமல் ரன் முடிகிறது என்றால் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஐந்தாவது, அடியெடுத்து வைக்கும் வேகம். சால்வர் ஒவ்வொரு அடியிலும் ஒரு விடையை ஊகித்து, திருத்தி, மறுபடி ஊகித்துப் போகிறது. அடி பெரிதாக இருந்தால் நடுவழி ஊகத்திலேயே எலிமெண்ட் புரண்டுவிடும், உண்மையான விடையில் புரளாமல் இருந்தாலும்கூட. முதல் அடியையும் பெரும அடியையும் குறைத்தால் பல ரன்கள் எழுந்து நடக்கும். மோதல் வகைக் கணக்கில் இது வேறு மாதிரி. அங்கே ஓர் அடியின் நேரம், ஒலியலை மிகச் சிறிய எலிமெண்ட்டைக் கடக்கும் நேரத்துக்குள் அடங்கவேண்டும். 1928-இல் கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் சொன்ன விதி அது. எஃகில் ஒலி வினாடிக்கு 5000 மீட்டர் வேகத்தில் போவதாக வைத்தால், ஒரு மில்லிமீட்டர் எலிமெண்டுக்கு ஓர் அடி மைக்ரோ வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. எலிமெண்ட் நசுங்க நசுங்க அந்த நேரமும் சுருங்கும். ரன் சாவதற்கு முன்பே ஊர்ந்து போக ஆரம்பித்தால் நோய் அதுதான்.

இப்போதுதான் மெஷ். எல்லோரும் முதலில் செய்வது நுணுக்குவது, நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். கூர்மையான விளிம்பில் மெஷ்ஷை நுணுக்கினால் எலிமெண்ட் இன்னும் சீக்கிரம் சாகும். பெரிய கட்டம் தாங்கிக்கொள்ளும் இடப்பெயர்ச்சி சிறிய கட்டத்தைப் புரட்டிவிடும் அல்லவா? நுணுக்குவதைவிட, கட்டங்கள் போகப்போகும் உருவத்தை முன்கூட்டியே யோசித்து அடுக்குவது புத்திசாலித்தனம். உயரம் குறையப் போகிற இடத்தில் முதலிலேயே நெட்டையான கட்டங்களைப் போடுங்கள். அழுத்தி முடிக்கும்போது அவை சதுரமாக வந்து நிற்கும். தைக்கும்போதே வளரும் பிள்ளைக்கு மடிப்பு விட்டுத் தைப்பார்களே, அந்தக் கணக்கு. நடுக்கணுவுள்ள இரண்டாம்படி எலிமெண்ட் துல்லியம் என்று ஆசைப்பட வேண்டாம். நடுவில் இருக்கவேண்டிய கணு நெளிவில் நகர்ந்து, விளிம்பின் கால்பங்கு தூரத்துக்கு வந்துவிட்டால் மூலையில் ஜெகோபியன் பூஜ்யமாகிவிடும். விரிசல் நுனியைக் கணக்கிடுபவர்கள் 1970-களில் இதே குறையை வேண்டுமென்றே பயன்படுத்திக்கொண்டார்கள். உங்களுக்கு அது வேண்டாத விருந்து. பெரிய நெளிவுக்கு முதல்படி எலிமெண்ட்தான் உழைப்பாளி.

இவ்வளவு செய்தும் கட்டங்கள் தாங்காத வேலைகள் உண்டு. சுத்தியலடியில் கிராங்க் ஷாஃப்ட் ஆகும் இரும்புத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்தை எப்படி அடுக்கினாலும் பாதி வழியில் சிக்கலாகும். அங்கே பழைய கட்டத்தை அழித்துவிட்டு, அப்போதுள்ள உருவத்தின்மேல் புதுக் கட்டம் போட்டு, பழையதிலிருந்த தகைவையும் திரிபையும் அதற்கு மாற்றுவார்கள். ஃபோர்ஜிங் துறையில் புழங்கும் டிஃபார்ம் மாதிரியான மென்பொருள்கள் இதைத் தாமாகவே செய்கின்றன. விலை இல்லாமல் இல்லை. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்ற ஊற்ற எண்ணெய் குறைவதுபோல, ஒவ்வொரு மாற்றத்திலும் உச்ச மதிப்புகள் கொஞ்சம் மழுங்கும், கன அளவும் கொஞ்சம் கசியும்.

இன்னொரு வழி, கட்டத்தை மாவின்மேல் போடாமல் கல்லின்மேல் போடுவது. மாவு ஓடட்டும், கட்டம் அசையாது. ஆய்லரியன் என்பது அது. கட்டம் நெளியும் பேச்சே இல்லை. ஆனால் மாவின் ஓரம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொண்டே இருக்கவேண்டும், ஓரம் மங்கும். இரண்டுக்கும் நடுவில், மாவோடு கொஞ்சம் போய்க் கொஞ்சம் நகர்ந்து தன் உருவத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் கட்டம் ஒன்று உண்டு. நோ என்பவர் 1964-இல் ஆரம்பித்து வைத்ததை, 1974-இல் ஹிர்ட்டும் ஆம்ஸ்டனும் குக்கும் எழுதிய கட்டுரை பரவலாக்கியது. ஏஎல்இ என்று எங்கள் ஆட்கள் சுருக்கமாகச் சொல்வது இதுதான்.

கட்டத்தை நம்பாமல் துகள்களை நம்பியவர்களும் இருக்கிறார்கள். 1977-இல் லூசி தனியாகவும், கிங்கோல்டும் மோனகனும் சேர்ந்தும் விண்மீன் கணக்குக்காக எஸ்பிஹெச் முறையைக் கொண்டுவந்தார்கள். 1994-இல் சல்ஸ்கி, சென், ஷ்ரேயர் மூவரும் எம்பிஎம் முறையைத் தந்தார்கள். எம்பிஎம்முக்கு, மாவுக்குள் ரவை கலந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ரவைத் துகள்கள் தாம் பட்டதையெல்லாம் சுமந்து போகும். கணக்கு மட்டும் கல்லின்மேல் போட்ட கட்டத்தில் நடக்கும். ஓர் அடி முடிந்ததும் கட்டத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். டிஸ்னியின் 2013-ஆம் வருடப் படமான ஃப்ரோஸனில் பனி கொட்டிச் சரிவது இந்த முறையில்தான். மண்சரிவைக் கணக்கிடுபவர்களும் இதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் ஓ-ரிங்குக்கு இவ்வளவு பெரிய சாமான் தேவைப்படாது. இப்படியும் ஒரு கடை இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

இனி நான் பட்ட பாடு.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனிக்காக வேலை செய்துகொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். தலை மோதினால் தாங்கவேண்டிய ஒரு ஃபோம் கட்டை. ஃபோமின் குணம் தெரியும் அல்லவா? முதலில் கொஞ்சம் எதிர்க்கும், பிறகு அறைகள் உடைந்து நீண்ட தூரம் ஒரே விசையில் நசுங்கும், கடைசியில் காற்றெல்லாம் போய்க் கட்டியாகிக் கல் மாதிரி எதிர்க்கும். எனக்குக் கிடைத்த சோதனைத் தரவு அந்தக் கடைசிப் பகுதிக்கு முன்பே முடிந்திருந்தது. ரன் போட்டேன். மெல்லிய பகுதியில் எலிமெண்ட்கள் புரண்டு நெகட்டிவ் வால்யூம். இரவு பதினொரு மணி. காலையில் மீட்டிங். மென்பொருளில் ஒரு வசதி உண்டு: புரளும் எலிமெண்ட்டை நீக்கிவிட்டு மேலே ஓடு என்று சொல்லலாம். சொன்னேன். ரன் முடிந்தது. முடுக்க வரைகோடு வழவழவென்று வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

மாதிரி செய்து சோதனைக்கூடத்தில் மோதிப் பார்த்தபோது உச்ச முடுக்கம் நான் காட்டியதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. யோசித்தால் காரணம் வெட்கப்படும் அளவுக்கு எளிது. எந்த அடுக்கு கட்டியாகிக் கல்லாக எதிர்த்திருக்க வேண்டுமோ, அதையே நான் நீக்கியிருந்தேன். அதற்குள் சேர்ந்திருந்த விசையும் அதோடு காணாமல் போனது. அந்தப் புரண்ட எலிமெண்ட்கள் ‘இங்கே ஃபோம் தீர்ந்துவிட்டது, இதற்குமேல் என்ன நடக்கும் என்று நீ எனக்குச் சொல்லவே இல்லை’ என்று எனக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தன. சாட்சி சொல்ல வந்தவரை நீதிமன்றத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டுத் தீர்ப்பு வாங்கியிருக்கிறேன்.

பிறகு சரியாகச் செய்தோம். வளைகோட்டை 95 சதவீத நசுங்கல்வரை செங்குத்தாக ஏறுமாறு நீட்டினோம். ஃபோமின் அடுக்குகள் தம்மையே ஊடுருவாமல் இருக்க உள்தொடுகையைச் சேர்த்தோம். ஒரு புள்ளி எலிமெண்ட்டை விறைப்பு வகைக் கடிவாளத்தோடு போட்டோம். நேர அடியைச் சுருக்கினோம். எதையும் நீக்காமலேயே ரன் முடிந்தது. வரைகோடு அழகாக இல்லை, உண்மையாக இருந்தது.

நீக்குவதே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். உலோகம் உண்மையில் கிழிந்தால், கான்கிரீட் உண்மையில் உடைந்தால் எலிமெண்ட்டை நீக்கலாம். ஆனால் அதற்கான அளவுகோல் பொருளிடமிருந்து வரவேண்டும். ஜான்சனும் குக்கும் 1985-இல் தந்த முறிவு விதி மாதிரி ஒன்று வேண்டும். அதோடு எலிமெண்ட் அளவு மாறினாலும் விடை மாறாமல் இருக்க, ஹில்லர்போர்கும் அவர் குழுவினரும் 1976-இல் கான்கிரீட்டுக்குக் காட்டியதுபோல முறிவு ஆற்றலோடு அதைக் கட்டிப்போடவும் வேண்டும். ரன் முடியவேண்டும் என்பதற்காக நீக்குவது வேறு கதை.

நெளிந்த கட்டத்திலேயே தகவல் இருக்கிறது என்பது புதிய செய்தி அல்ல. தகடு அழுத்தும் பட்டறைகளில் தகட்டின்மேல் சிறு வட்டங்களைப் பொறித்து, அழுத்தி எடுத்தபின் எந்த வட்டம் எவ்வளவு நீள்வட்டம் ஆகியிருக்கிறது என்று அளப்பார்கள். 1960-களில் கீலரும் குட்வினும் எந்த அளவு தாண்டினால் தகடு கிழியும் என்று அதிலிருந்துதான் வரைகோடு போட்டார்கள். வட்டம் ஏன் நெளிந்தது என்று அங்கே யாரும் கோபப்படுவதில்லை. அதைப் பார்க்கத்தானே பொறித்தோம்?

இப்போது உங்கள் நான்கு படங்களுக்கு வருகிறேன். இதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் மீதியை நீங்கள் படித்திருக்கமாட்டீர்கள்.

ரிங்கின் குறுக்கு விட்டம் 5.33 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். குரூவின் ஆழம் 4.3, அகலம் 5.4. அழுந்தல் சுமார் 19 சதவீதம். அசையாத சீலுக்கு அது சரியான அளவுதான். ஆனால் கால்குலேட்டரை எடுங்கள். ரிங்கின் குறுக்குப் பரப்பு 22.3 சதுர மில்லிமீட்டர். குரூவின் பரப்பு 4.3-ஐ 5.4-ஆல் பெருக்கினால் 23.2. மூடி முழுதாக உட்காரும்போது குரூவில் 96 சதவீதம் ரப்பர். வழக்கமாக 85 சதவீதத்துக்குமேல் நிரப்பமாட்டார்கள். ரப்பர் கன அளவில் விட்டுக்கொடுக்காது என்று மேலே எழுதினேனே, அதனால்தான் அந்த இடைவெளி.

உங்கள் ரன் நின்ற 87 சதவீதத்தில் மூடி சுமார் 0.9 மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். அப்போது ரிங்குக்கு இருந்த இடம் சுமார் 23.9 சதுர மில்லிமீட்டர், ரப்பர் ஏற்கனவே 93 சதவீதம். நான்கு மூலைகளிலும் கொஞ்சம் கொஞ்சம் காலியிடம். அந்த மூலைகளுக்குள் புக முடியாத ரப்பர் சுலபமான வழி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டது: மூடிக்கும் உடலுக்கும் நடுவே இன்னும் மூடாமல் இருக்கும் இடுக்கு. உங்கள் மூன்று எலிமெண்ட்களும் எங்கே செத்துக் கிடக்கின்றன என்று படத்தைப் பாருங்கள். குரூவின் மேல்விளிம்பில், அந்த இடுக்கின் வாயில்.

அதோடு முடியவில்லை. 5.33 ரிங்குக்கு வழக்கமான அனுமதி கூடவோ குறையவோ 0.13 மில்லிமீட்டர். பெரிய பக்கம் 5.46 வந்தால் பரப்பு 23.4. குரூவே 23.2-தான். அந்த ரிங்கைப் போட்டு எந்த ஃபிட்டரும் மூடியை உட்காரவைக்க முடியாது. போல்ட்டை இறுக்கி இறுக்கி ஒன்று போல்ட் நீளும், இல்லை ரிங் விளிம்பில் நசுங்கி நறுக்குப்படும். எஃகைவிடப் பத்து மடங்கு அளவில் சூட்டில் விரியும் ரப்பருக்கு வெந்நீர்ப் பம்பில் இன்னும் நெருக்கடி. இது பட்டறையில் முதல் லாட்டிலேயே தெரியவரும் சங்கதி. உங்கள் மெஷ் அதை முன்கூட்டியே, ஒரு ரூபாய் செலவில்லாமல், நான்கு முறை சொல்லியிருக்கிறது. மெஷ் மாறியும் இடம் மாறாததற்குக் காரணம் இதுதான்.

இனிச் செய்ய வேண்டியது. நறுக்கிய ரிங்கின் விட்டத்தைப் புரொஜெக்டரில் வைத்து அளந்து பாருங்கள். வெர்னியர் ரப்பரை அழுத்திவிடும், அளவு குறைவாகக் காட்டும். விளிம்புக்கு ஆரம் கொடுங்கள். குரூவின் அகலத்தை 7.2 ஆக்கி ஒரு ரன் போடுங்கள். நிரப்பு 72 சதவீதத்துக்கு வரும், பெரிய ரிங்குக்கும் 76-ஐத் தாண்டாது. மெஷ்ஷில் கைவைக்காதீர்கள், பழையதே இருக்கட்டும். அப்போதுதான் மாறியது எது என்று சந்தேகமில்லாமல் தெரியும். ரன் முடிந்தால் உடனே படத்தை ஒட்டி அறிக்கை எழுதிவிடாமல், ரிங்கின் கன அளவு மாறாமல் இருக்கிறதா, மூடியின் எதிர்விசை கைக்கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

குரூவை வரைந்தவர் உங்களுக்கு மூத்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் ‘மெஷ் சரியில்லை சார்’ என்று போகாதீர்கள், ‘உங்கள் டிராயிங் தப்பு’ என்றும் போகாதீர்கள். 22.3, 23.2 என்ற இரண்டு எண்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மூத்தவர்கள் எண்களோடு கோபித்துக்கொள்வதில்லை. அவர் ஒருவேளை இடமில்லாமல் அகலத்தைக் குறைத்திருக்கலாம். அப்படியானால் சின்ன ரிங்குக்கு மாறலாமா என்று இருவரும் பேசலாம்.

புது ரன்னில் அந்த மூன்று எலிமெண்ட்களின் எண்களை மட்டும் தனியே எடுத்து எனக்கு எழுதுங்கள். அவை எப்படி இருக்கின்றன என்று அறிய எனக்கும் ஆவல்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்